எல்லாவற்றையும் லாக் செய்தும் காரணம் தெரியவில்லையே?

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து தக்காளி விவசாயிகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் நடத்திவருகிறோம். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட் விலையை அதில் பார்க்கலாம். நாளைக்கு எத்தனை கூடை வரும் என்று முந்தைய நாளே மண்டிக்குப் பதிவு செய்யலாம். சுமார் 3,000 போன்களில் இருக்கிறது. தினமும் 1,200 பேர் திறக்கிறார்கள். லோடு பதிவுப் படிவத்தைத் திறப்பவர்களில் பாதிப் பேர் முடிக்காமலே போய்விடுகிறார்கள். காரணம் தெரிய வேண்டும் என்று, தொட்டது, உருட்டியது, டைப் செய்தது, இருக்கும் இடம், போன் நம்பர் எல்லாவற்றையும் லாக் செய்தோம் (பதிவாகச் சேமித்தோம்). இரண்டே மாதத்தில் 40 ஜிபி டிஸ்க் நிரம்பி, தரவைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. காரணம் மட்டும் இன்னும் தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு பெரியவர், "நான் எந்தத் தோட்டத்துல நிக்கிறேன்னு உங்களுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்று கேட்டுவிட்டார். எதைப் பதிவு செய்யலாம், எதை விட வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது?

- வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் நின்றுபோன சர்வரை எழுப்புவோம். டிஸ்க் நிரம்பிய போஸ்ட்கிரெஸில் பழைய வரிகளை டெலீட் செய்தால் இடம் திரும்பக் கிடைக்காது. அழித்த இடத்தை அந்த டேபிளே மறுபடி பயன்படுத்திக்கொள்ளுமே தவிர, டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. இணையத்தில் தேடினால் 'வேக்யூம் ஃபுல்' கொடுக்கச் சொல்வார்கள். அது டேபிளைப் புதிதாக ஒருமுறை எழுதும். அதற்கே கிட்டத்தட்ட அதே அளவு காலி இடம் வேண்டும். உங்களிடம் அது இல்லை. ஆகவே வாடகை சர்வரில் தற்காலிகமாக டிஸ்க்கைப் பெரிதாக்கி எழுப்புங்கள். லோடு படிவம் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும், அதிலும் தேவையான நெடுவரிசைகளை (column) மட்டும், வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். நகல் சரியாக இருக்கிறதா என்று வரி எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பழைய டேபிளை ட்ரங்கேட் செய்யுங்கள் (ஒரே கட்டளையில் முழுதாகக் காலி செய்யுங்கள்). இடம் உடனே திரும்பிவிடும். டைப் செய்த வார்த்தைகளும் இருப்பிடமும் அந்த நகலில் இருக்கக் கூடாது. பேக்கப் கோப்புகளிலும் அவை கிடக்கும், அங்கேயும் நீக்குங்கள்.

டிஸ்க் ஏன் நிரம்பியது என்பது சாதாரணக் கணக்கு. உருட்டுவதை விநாடிக்கு நான்கு முறை பதிவு செய்தால் ஒருவர் தினமும் 700 ஈவென்ட் (பதிவாகும் நிகழ்வு) தருவார். 1,200 பேருக்கு 8,40,000 வரி. ஒரு வரிக்கு 600 பைட் என்றால் நாளுக்கு 500 எம்பி. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸையும் சேர்த்தால் 650 எம்பி அளவுக்குப் போகும். 40 ஜிபி இரண்டு மாதம் தாங்கியதே அதிகம். ஒருவருக்கு 25 ஈவென்ட் என்று சுருக்கினால் நாளுக்கு 18 எம்பி. 13 மாதத்துக்குச் சேர்த்து வைத்தாலும் இன்டெக்ஸ் நீங்கலாக ஏழு ஜிபிக்குச் சற்று மேலேதான் வரும்.

அந்த 25 எவை என்பதுதான் உண்மையான வேலை. ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். "படிவத்தைத் திறந்தவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்? நின்றதற்குப் படிவம் காரணமா, நெட்வொர்க் காரணமா, அவருக்கே வேண்டாமென்று தோன்றியதா?" இந்த மூன்றையும் பிரித்துக்காட்ட என்ன தெரிந்தால் போதுமோ அதை மட்டும் பதிவு செய்யுங்கள். பதில் எப்படி வந்தாலும் நீங்கள் ஆப்பில் எதையும் மாற்றப் போவதில்லை என்றால், அந்தக் கேள்விக்கான ஈவென்ட் வேண்டாம். உருட்டியதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

லோடு படிவத்துக்கு எனக்குத் தேவைப்படுவது ஆறு வகை ஈவென்ட்: படிவம் திறந்தது, ஒரு கட்டத்தை (நிரப்பும் பெட்டியை) முடித்தது, ஒரு கட்டத்தில் பிழை காட்டியது, அனுப்பு பொத்தானைத் தொட்டது, சர்வர் ஏற்றுக்கொண்டது, படிவத்தை விட்டு வெளியேறியது. அனுப்பு பொத்தானைத் தொட்டதையும் சர்வர் ஏற்றுக்கொண்டதையும் ஒன்றாகக் கருதிவிடுவது பலரும் செய்யும் தவறு. முதலாவதைப் போன் சொல்கிறது, இரண்டாவதைச் சர்வரே எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகிறவர்கள் படிவத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். அவர்கள் அனுப்பிவிட்டார்கள், சுற்றிக்கொண்டே இருந்தது, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். உங்கள் 'பாதிப் பேர்' கணக்கில் இவர்களும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் படிவத்தைத் திருத்துவதில் பயனில்லை. லோடு பதிவைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்புவதுதான் தீர்வு.

பிழை ஈவென்ட்டை எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் டைப் செய்ததை எடுத்து வைக்கத் தேவையே இல்லை. கட்டத்தின் பெயர், பிழையின் வகை, எத்தனையாவது முயற்சி, அந்தக் கட்டத்தில் எத்தனை விநாடி நின்றார், இந்த நான்கும் போதும். உதாரணத்துக்கு 'அளவு' என்ற கட்டத்தில் 'எண் அல்ல' என்ற பிழை ஒரே போனில் மூன்று முறை வந்து, 40 விநாடிக்குப் பிறகு அவர் வெளியேறியிருக்கிறார் என்று வையுங்கள். இதே வரிசை இருபது போன்களில் தெரிந்தால் படிவத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் கிலோவில் கேட்டிருப்பீர்கள், அவர் கூடையில் சொல்ல முயன்றிருப்பார். எண்ணை மட்டும் ஏற்கும் கட்டத்தில் '12 கூடை' என்று எழுதினால் தள்ளிவிடும். அவர் என்ன எழுதினார் என்று ஒரு எழுத்துகூடப் படிக்காமல் இதைக் கண்டுபிடித்துவிடலாம். தேடல் பெட்டிக்கும் இதே விதிதான். எத்தனை முடிவு வந்தது, அதில் எதைத் தொட்டார் என்பது போதும். தேடல் பெட்டியில் மக்கள் போன் நம்பர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதுவார்கள்.

வெளியேறிய ஈவென்ட்டை ஆண்ட்ராய்டின் 'ஆன் டெஸ்ட்ராய்' (திரை முழுதாக மூடப்படும்போது ஓடும் பகுதி) இடத்தில் வைத்திருந்தால் மாற்றுங்கள். ரேம் குறைவான போனில் சிஸ்டம் ஆப்பை நேராக நிறுத்திவிடும், அந்த இடத்துக்கு வரவே வராது. திரை கண்ணிலிருந்து மறையும்போது ஓடும் 'ஆன் ஸ்டாப்' நம்பகமானது. அதில் கடைசியாக நின்ற கட்டம், படிவத்தில் இருந்த நேரம், அப்போது நெட்வொர்க் இருந்ததா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். போன் கால் வந்து எழுந்துபோனவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வரலாம். அதனால் 30 நிமிடத்துக்குள் அதே படிவம் மறுபடி திறந்தால் அதை அதே முயற்சியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி ஐடி ஒன்று கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கு சுலபம்.

ஈவென்ட்டை மெமரியில் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பினால், ஆப் நின்ற கணத்தில் இருந்தவை போய்விடும். நின்றுபோனவர்களைத் தெரிந்துகொள்ளத்தானே இந்தப் பாடு! ஆகவே நடந்த உடனே ரூம் டேட்டாபேஸில் (போனிலேயே இருக்கும் சேமிப்பு) எழுதி, பிறகு 50 சேர்ந்ததும் அல்லது ஆப் பின்னணிக்குப் போனதும் ஜிஜிப் செய்து (சுருக்கி) அனுப்புங்கள். அனுப்பும் வேலையை, பின்னணி வேலைகளை நடத்தும் ஆண்ட்ராய்டின் வொர்க் மேனேஜரிடம் கொடுக்கலாம். ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் ஓடும் வேலைக்கு அது 15 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியை ஏற்காது. விலை குறைந்த பல போன்களில் பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு பின்னணி வேலையையே நிறுத்திவைத்துவிடும். அதனால் ஆப் திறக்கும்போதும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அனுப்ப முடியாவிட்டால் 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். அதில் சில விநாடிகளை முன்பின்னாகக் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் டவர் திரும்பிய நொடியில் எல்லாப் போனும் ஒன்றாக உங்கள் சர்வரைத் தட்டும். போனில் அதிகபட்சம் 2,000 ஈவென்ட் என்று வரம்பு வைத்து, மீறினால் பழையதை விடுங்கள்.

போன் அனுப்பிவிட்டது, சர்வரும் வாங்கிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது என்றால் போன் மறுபடி அனுப்பும். ஒரே ஈவென்ட் இரண்டு வரியாக விழும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி எண்) கொடுத்து, டேபிளில் அந்த நெடுவரிசையை யுனிக் (ஒரு மதிப்பு ஒருமுறை மட்டும்) ஆக்கி, ஏற்கெனவே உள்ளது வந்தால் எதுவும் செய்யாதே என்று இன்சர்ட்டில் எழுதிவிடுங்கள். டேபிளை மாதம் மாதமாகப் பிரிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸில் யுனிக் விதி, பிரிக்கப் பயன்படும் தேதியையும் உள்ளடக்கியே இருக்க வேண்டும். போனில் ஈவென்ட் நடந்த நேரத்தைப் பிரிக்கும் தேதியாக வைத்தால், மறுபடி அனுப்பும்போதும் அது மாறாது. சர்வருக்கு வந்த நேரத்தை வைத்தால் அதே ஈவென்ட் இரண்டு முறை நுழைந்துவிடும்.

நேரம் என்று வரும்போது உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். யூடிசியின் நள்ளிரவு நமக்குக் காலை 5:30. தக்காளி விலை பார்ப்பவர்கள் மொய்ப்பதே விடியற்காலைதான். 5:10க்கு ஒருமுறையும் 5:50க்கு ஒருமுறையும் விலை பார்த்தவர் உங்கள் அறிக்கையில் இரண்டு நாள் வந்தவராகத் தெரிவார். ஒரே காலைச் சந்தை இரண்டு தேதியில் பாதி பாதியாக விழும். சேமிப்பது யூடிசியிலேயே இருக்கட்டும், அதுதான் சரி. நாள்வாரியாகக் கூட்டும்போது மட்டும் 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்றிக் கூட்டுங்கள். ஃபயர்பேஸ் (கூகுளின் ஆப் சேவை) பயன்படுத்தினால் அதன் அமைப்பிலும் இந்திய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போனின் கடிகாரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம்; தேதி தவறிய போன்கள் ஊரில் நிறைய உண்டு. போன் சொன்ன நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் வையுங்கள். இரண்டு கட்டங்களுக்கு இடையே எத்தனை விநாடி என்பதைக் கடிகாரத்தைக் கழித்துக் கணக்கிடாமல், போன் பூட் ஆனதிலிருந்து ஓடும் 'எலாப்ஸ்ட் ரியல்டைம்' மதிப்பிலிருந்து எடுங்கள். யாராவது நேரத்தை மாற்றி வைத்தாலும் அது பிசகாது.

இனி ஆட்களுக்கு வருவோம். போன் நம்பரை ஈவென்ட் டேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. நம் மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரைக்குள்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள்தான். எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறையில் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட, கேம் விளையாடும் ஒரு கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பதில் ஒவ்வொரு கணக்குக்கும் எந்தப் பொருளும் இல்லாத ஒரு ரேண்டம் ஐடி கொடுங்கள். அந்த ஐடி எந்த நம்பருக்கு உரியது என்ற பட்டியல் வேறு டேபிளில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். அறிக்கை எடுப்பவருக்கு அது தேவையில்லை.

நீங்கள் எதிர்பாராத இடத்திலும் நம்பர் கசியும். ஓடிபி கேட்கும் லிங்க்கிலேயே போன் நம்பரை வைத்து அனுப்பினால், அது வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகில் முழுதாக விழுந்து கிடக்கும். நம்பரை லிங்க்கில் வைக்காமல் போஸ்ட் பாடியில் (ரெக்வெஸ்ட்டின் உள்ளடக்கத்தில்) அனுப்புங்கள். ஆப் கிராஷ் ஆகும்போது முழு ரெக்வெஸ்ட்டையும் லாகில் கொட்டும் வழக்கம் இருந்தால் ஓடிபியும் வங்கிக் கணக்கு எண்ணும் அதோடு போகும். அங்கே மறைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதைவிட, எழுத அனுமதிக்கும் கட்டங்களைப் பட்டியலிடுங்கள். நாளைக்குப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாலும் அது தானாக வெளியே நிற்கும்.

ஒரு போன் என்பது ஒரு ஆள் அல்ல என்பதையும் கணக்கில் எடுங்கள். அப்பாவின் கணக்கில் மகன் பதிவு செய்வார். மண்டிக் குமாஸ்தா ஒரே போனில் இருபது பேருக்கு லோடு போடுவார். ஒவ்வொரு படிவத்தையும் 15 விநாடியில் முடித்துவிடுவார். இவரையும் முதல்முறை பதிவு செய்யும் விவசாயியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் படிவம் மிகச் சுலபமாக இருப்பதாகத் தெரியும். கணக்கு மண்டியுடையதா விவசாயியுடையதா என்று ஈவென்ட்டில் ஒரு குறி வைத்து, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சராசரிக்குப் பதில் நடு மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள்.

பெரியவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இருப்பிடம் உங்களுக்கு வேண்டாம். பக்கத்து மார்க்கெட் எது என்று தெரிய, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம், ராயக்கோட்டை என்று பட்டியல் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் முடிந்தது. தோட்டம் ஒரு பக்கம் இருக்க, விற்பது இன்னொரு பக்கம் என்பவருக்கும் அதுதான் சரியான பதிலைத் தரும். ஆப்பிலிருந்து அந்தப் பர்மிஷனையே நீக்கி, பிளே கன்சோலில் 'டேட்டா சேஃப்டி' படிவத்தையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற சிறிய ஆப்புக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், அறிவிப்பு போன்ற முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, அவர் தாமே செய்த செயலால் வர வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி செல்லாது. கொடுத்த சுலபத்திலேயே திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. போனை மகன் கையாளும் வீடுகளை நினைத்தால், தனி ஒருவரின் பழக்கத்தை வரைந்துவைக்கும் எதையும் கட்டாமல் இருப்பதே நல்லது. தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யாமல் கசியவிட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

நடத்தை லாக் வேறு, பாதுகாப்பு லாக் வேறு. யார் எப்போது லாகின் செய்தார், எந்த ஐபியிலிருந்து டேட்டாபேஸைத் திறந்தார் என்பதெல்லாம் பாதுகாப்பு லாக். 2022 ஏப்ரல் 28 அன்று வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, சிஸ்டம் லாகுகளைத் தொடர்ந்து 180 நாள் வைத்திருக்கவும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 2025 விதிகள் தனிநபர் தரவைக் கையாண்டதற்கான லாகுகளைக் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கின்றன. தேவையில்லாததைச் சேர்க்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: சேர்த்துவிட்டால் அதை ஓராண்டு பூட்டிக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். நடத்தை ஈவென்ட்டுக்கு 13 மாதம் என்று வையுங்கள். போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிடவும் அது உதவும். மாதவாரிப் பார்டிஷன் (பிரிவு) இருந்தால் பழைய மாதத்தை நொடியில் ட்ராப் செய்துவிடலாம், டிஸ்க்கும் உடனே காலியாகும்.

ஒப்புதல் திரையில் இப்படி எழுதலாம்: "படிவத்தில் எங்கே சிரமம் வருகிறது என்று தெரிந்துகொள்ள, நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றீர்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம். நீங்கள் எழுதுவதையோ, இருக்கும் இடத்தையோ இதற்காக எடுப்பதில்லை. 13 மாதத்தில் அழித்துவிடுவோம். வேண்டாம் என்றாலும் ஆப் முழுதாக வேலை செய்யும்." கீழே ஒரே அளவில் இரண்டு பொத்தான்: சரி, வேண்டாம். சட்டப்படி யாரிடம் புகார் செய்யலாம் என்பதையும் அதே திரையில் சேருங்கள். எழுதியதை மண்டியில் ஒருவரிடம் வாசித்துக்காட்டிப் புரிகிறதா என்று கேளுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1,200 பேருக்கு உங்கள் போஸ்ட்கிரெஸ் டேபிள் ஒன்றே தாங்கும். ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸுக்குப் போனால் ஈவென்ட் பெயர் 40 எழுத்துக்குள், ஒரு ஈவென்ட்டுக்கு 25 பாராமீட்டர் (கூடுதல் விவரம்) என்ற வரம்புகளை நினைவில் வையுங்கள். 'பாலக்கோடு விலை பார்த்தது', 'ராயக்கோட்டை விலை பார்த்தது' என்று ஊருக்கொரு ஈவென்ட் உண்டாக்காதீர்கள். ஈவென்ட் ஒன்று, ஊர் அதன் பாராமீட்டர். போன் நம்பர், பெயர் போன்ற அடையாளங்களை அங்கே அனுப்புவது கூகுளின் விதிக்கே மாறானது.

எண்கள் வரத் தொடங்கியதும் அவசரப்படாதீர்கள். வாரத்துக்கு 300 பேர் படிவத்தைத் திறந்து 50 சதவீதம் முடித்தால், உண்மை நிலை 44க்கும் 56க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த வாரம் 53 ஆனால் அது உங்கள் திருத்தத்தின் பலன் என்று சொல்ல முடியாது. அதோடு, விலை விழுந்தால் பறிப்புக் கூலிகூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த வாரம் லோடு படிவத்தைத் திறந்து விலையை யோசித்து மூடுபவர்கள் கூடுவார்கள். அதில் உங்கள் படிவத்தின் குற்றம் ஒன்றுமில்லை. வார அறிக்கையில் அன்றைய மார்க்கெட் விலையையும் ஒரு நெடுவரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தக் கட்டம் என்று லாக் காட்டியபின், ஏலம் முடிந்து கூடை இறக்கி ஓய்ந்த நேரத்தில் ஐந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்புவதைப் பாருங்கள்.

புதிய பதிப்பை வெளியிடுமுன் ஒரு பழைய போனில் சோதனை செய்யுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டுப் படிவத்தைப் பாதி நிரப்பி, செட்டிங்கில் போய் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து, மறுபடி திறந்து நெட்டைப் போடுங்கள். திறந்தது, முடித்த கட்டங்கள், வெளியேறியது எல்லாம் ஒரே முயற்சி ஐடியில், ஒவ்வொன்றும் ஒரே வரியாக வந்திருக்க வேண்டும். பிறகு அதையே மறுபடி செய்து, படிவத்தை நிரப்பும் நடுவில் போனின் தேதியை ஒரு நாள் பின்னுக்கு வையுங்கள். கட்டங்களுக்கு இடையிலான விநாடிகள் மைனஸில் வந்தால் எங்கோ இன்னும் கடிகாரத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். கடைசியாக, 'வேண்டாம்' என்று ஒப்புதலை மறுத்துவிட்டு ஆப்பை முழுக்கச் சுற்றிவந்து டேபிளைப் பாருங்கள். அந்தப் போனிலிருந்து ஒரு நடத்தை ஈவென்ட்கூட வந்திருக்கக் கூடாது. வரிசையில் காத்திருந்த பழைய ஈவென்ட்டுகள் அப்போது கிளம்பி வருவது அடிக்கடி நடக்கும். ஒப்புதலை எடுத்த கணத்தில் போனிலுள்ள வரிசையையும் சேர்த்துக் காலி செய்யும் வரியை மறந்துவிடாதீர்கள்.